சோழவந்தான் வெற்றிலை: ஆறு கவுளியும் ஒரு மாமியாரும்

போன தை மாதம் என் மகனுக்கு நிச்சயதார்த்தம். அதற்கு வெற்றிலை வாங்கப் போன கதையைத்தான் எழுதப் போகிறேன். வெற்றிலைக்கெல்லாமா விமர்சனம் என்று சிரிக்காதீர்கள். மிக்சிக்கு எழுதுகிறார்கள், தலையணை உறைக்கு எழுதுகிறார்கள். சபையில் முதல் ஆளாகத் தட்டில் போய் உட்காருகிற சாமானுக்கு நாலு வரி எழுதினால் என்ன?

எனக்கு ஆரப்பாளையத்தில் ஜாக்கெட் தைக்கிற கடை. இருபத்தாறு வருஷமாகத் துணியைத் தொட்டே இது மல், இது வாயில், இது பாதி பாலியஸ்டர் என்று சொல்கிற கை. அந்தக் கையையே ஏமாற்றிவிட்டார்கள். போன ஆவணியில் கொழுந்தனார் புது வீடு பால் காய்ச்சியபோது மதுரைக்குள்ளேயே ஒரு கடையில் வெற்றிலை வாங்கினேன். எந்தக் கடை என்பது வேண்டாம். “சோழவந்தான் வெத்தலக்கா, விடியக்காலம் வந்திறங்குச்சு” என்றார் கடைக்காரர். மேலே இருந்த நாலு இலை தளதளவென்று இருந்தது. கட்டைப் பிரித்தால் உள்ளே அத்தனையும் காடாத் துணி மாதிரி முரட்டு இலை.

என் மாமியாருக்கு எண்பத்திரண்டு வயது. தென்கரையில் பிறந்தவர். தென்கரை என்றால் சோழவந்தானுக்கு நேர் எதிரே, வைகையின் தெற்குக் கரை. வாயில் பல் பாதிதான் இருக்கிறது, நாக்கு முழுசாக இருக்கிறது. அன்றைக்கு ஒரு இலையை மடித்துப் போட்டு, இரண்டு மெல்லு மெல்லிவிட்டு, வாசலில் போய்த் துப்பிவிட்டு வந்தார். “இது வெத்தலையாடி? பூவரச எலைய நறுக்கிக் குடுத்திருக்கான்” என்றார். சம்பந்த வீட்டார் எட்டுப் பேர் முன்னால். அத்தை சொன்னால் சொன்னதுதான். அப்போதே நினைத்துக்கொண்டேன், பேரன் நிச்சயத்துக்கு இலை வாங்குவதென்றால் சோழவந்தானுக்கே போய்விட வேண்டும் என்று.

மதுரையிலிருந்து மேற்கே இருபத்து நாலு கிலோமீட்டர் போலத்தான். பஸ் இருக்கிறது. திண்டுக்கல் மார்க்கத்தில் ரயிலும் நிற்கிறது. 1875இல் போட்ட பாதை அது. நாங்கள் ஸ்கூட்டரில் போனோம். மகன் ஓட்டினான், நான் பின்னால் இரண்டு ஈரச்சாக்கும் ஒரு மூங்கில் கூடையுமாக. பிளாஸ்டிக் பையில் வாங்கி வந்தால் வீட்டுப் படி ஏறக் கூடாது என்று அத்தை சொல்லித்தான் அனுப்பினார்.

கோச்சடை, துவரிமான் என்று வைகையின் தென்கரையை ஒட்டியே போகிற சாலை. துவரிமான் தாண்டியதும் காற்று மாறும். கழுத்தில் ஒரு குளிர் தொடும். இரண்டு பக்கமும் நெல், நடுநடுவே தென்னை, வாழை. மதுரைக்காரர்களுக்கு வைகை என்றால் பாலத்துக்கு அடியில் ஓடுகிற சாக்கடை வாய்க்கால்தான் ஞாபகத்துக்கு வரும். மேலக்காலில் பாலம் ஏறி வடகரைக்குத் திரும்பும்போது அங்கேயும் ஆறு முழுசாக இல்லை. ஒரு ஓரமாக நீர் ஓடிக்கொண்டிருந்தது, மீதிக்குச் சீமைக்கருவேலமும் ஆகாயத்தாமரையும். ஆனால் ஓடிய நீர் தெளிவாக இருந்தது. ஒருவர் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் திருவேடகம். என் மகன் படித்த விவேகானந்தா கல்லூரி அங்கேதான். விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும், விடியும் முன்னே எழுப்பிவிடுவார்கள். மூன்று வருஷம் புலம்பித் தள்ளியவன், இப்போது அந்தப் பக்கம் போனால் சொந்த ஊருக்கு வந்தவன் மாதிரி கையை நீட்டி நீட்டிக் காட்டுகிறான். ஏடகநாதர் கோயிலில் இறங்கி ஏலவார்குழலி அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டோம். மதுரையில் சமணரோடு வாது நடந்தபோது சம்பந்தர் வைகையில் விட்ட ஏடு ஆற்றை எதிர்த்து வந்து இங்கே கரை ஒதுங்கியது என்பது ஐதீகம். ஏடு அகம் என்றுதான் பெயரே. அத்தை இதை அவர் பாணியில் சொல்வார்: “ஓலை ஆத்துக்கு எதுக்க வந்துச்சு. எங்க ஊரு எலை ஆத்துப் போக்குலயே மதுரைக்கு வந்துரும். அம்புட்டுத்தான் வித்தியாசம்.”

அங்கிருந்து சோழவந்தான் கூப்பிடு தூரம். ஊர் என்று பார்த்தால் பேரூராட்சிதான். ஒரு பெரிய கடைத்தெரு, நெருக்கிப் பிடித்த சந்துகள், உரக்கடை, பாத்திரக்கடை, நகை அடகுக் கடை, நாலு எட்டுக்கு ஒரு டீக்கடை. சட்டமன்றத் தொகுதிக்குப் பெயர் கொடுத்திருக்கிற ஊர், ஆனால் வட்டத் தலைநகரம் வாடிப்பட்டிக்குப் போய்விட்டது. அந்த மனக்குறையை ஊர்க்காரர்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பட்டா விஷயமாக வாடிப்பட்டி போய்வருகிற அலைச்சலைப் பற்றி டீக்கடையில் ஒருவர் பேசிய தொனியிலேயே தெரிந்தது.

கடை திறக்க நேரம் இருந்தது. ஜெனகை மாரியம்மன் கோயில் எதிரே நின்றபோதுதான் மகனிடம் ஊர்ப் பெயரைப் பற்றிக் கேட்டேன். அத்தை ஏற்கனவே ஒரு கதை சொல்லியிருக்கிறார். சோழ ராஜா இந்தப் பக்கம் வந்தானாம். வைகைக் கரையில் வயலும் வாழையுமாகப் பச்சையைப் பார்த்ததும் இது நம்ம தஞ்சாவூர் மாதிரியல்லவா இருக்கிறது, சின்னத் தஞ்சை என்று உவந்தானாம். சோழன் உவந்தான், சோழவந்தான். இன்னும் சிலர் சோழன் வந்தான் என்றே நேராகச் சொல்வார்கள்.

மகன் சிரித்தான். “அம்மா, கல்வெட்டுல இந்த ஊர் பேரு சோழாந்தகச் சதுர்வேதிமங்கலம். அந்தகன்னா யாரு?”

“எமன்.”

“அப்ப சோழாந்தகன்?”

சோழனுக்கு எமன்! பத்தாம் நூற்றாண்டில் ‘சோழன் தலைகொண்ட’ என்று கல்வெட்டில் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்ட வீரபாண்டியனுக்குச் சோழாந்தகன் என்றும் பட்டம் உண்டாம். அந்தப் பட்டத்தின் பெயரில் பிராமணர்களுக்கு விட்ட ஊர் இது. தென்கரை மூலநாதர் கோயில் கல்வெட்டுகளில் அந்தப் பெயர் இருக்கிறது என்று கல்லூரியில் அழைத்துப் போய்க் காட்டினார்களாம். ஆக, சோழனுக்கு எமன் என்று சொல்லிக்கொண்டவன் பெயரில் தொடங்கிய ஊர், வாய்க்கு வாய் தேய்ந்து, சோழன் சந்தோஷப்பட்ட ஊராகிவிட்டது. நாங்கள் கடையில் அளவு மாறிப்போன ஜாக்கெட்டைப் பிரித்து, பிசிறு தெரியாமல் தைத்து, இதுதான் இப்போது ஃபேஷன் என்று கொடுப்போமே, அதே வேலை. தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்து தைத்திருக்கிறார்கள்.

ஊருக்கு மூன்றாவதாகவும் ஒரு பெயர் கோயில்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜனகை. சீதையின் அப்பா ஜனகர் வந்து வழிபட்டார் என்பது கதை. அதனால்தான் மாரியம்மனும் ஜெனகை மாரியம்மன், பெருமாளும் ஜெனகநாராயணப் பெருமாள். வைகாசியில் மாரியம்மனுக்குப் பதினேழு நாள் திருவிழா. பால்குடம், அக்னிச்சட்டி, பூக்குழி, தேர் என்று சுத்துப்பட்டு ஊர்ச் சனமெல்லாம் இங்கே நிற்கும். சித்திரா பௌர்ணமிக்கு மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கும் அன்றைக்கே இங்கே ஜெனகநாராயணப் பெருமாள் குதிரை ஏறிவந்து இதே வைகையில் இறங்குவார். மதுரைக் கூட்டத்தில் நசுங்கிச் சாமியின் குதிரைக் காதை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அடுத்த வருஷம் இங்கே போய்ப் பார்க்கலாம்.

சரி, வெற்றிலைக்கு வருகிறேன்.

மகனோடு படித்த பையன் ஒருவனின் பெரியப்பாவுக்குக் கொடிக்கால், அதாவது வெற்றிலைத் தோட்டம், இருக்கிறது. கடைக்குப் போகுமுன் அதைப் பார்த்துவிடலாம் என்று கூட்டிப்போனான். நான் அதுவரை கொடிக்கால் பார்த்ததில்லை. வெளியே பார்த்தால் அகத்தி மரங்கள் வரிசையாக, நெருக்கமாக நிற்கின்றன, அவ்வளவுதான். உள்ளே குனிந்து நுழைந்ததும் வெளிச்சம் அப்படியே பச்சையாகிவிட்டது. வரிசைக்கு வரிசை வாய்க்கால், வாய்க்காலுக்கு இடையே மேட்டுப் பாத்தி, பாத்தியில் அகத்தி, ஒவ்வொரு அகத்தியையும் கட்டிப் பிடித்துக்கொண்டு வெற்றிலைக் கொடி. வாழைநாரால் இரண்டு சாணுக்கு ஒரு கட்டு. செருப்பை வாசலிலேயே கழற்றச் சொல்லிவிட்டார் பெரியவர். கோயிலுக்குள் போவது போலத்தான் போக வேண்டுமாம். கால் சேற்றில் புதையவில்லை, ஆனால் தரை ஈரத்துணி மாதிரி சில்லென்று இருந்தது.

முதலில் அகத்தியை விதைத்து, அது கொஞ்சம் எழும்பிய பிறகுதான் கொடி நடுவார்களாம். ஆறு மாசம் போல ஆகுமாம் இலை கிள்ள. கொடி மரத்தின் உச்சிக்கு ஏறிவிட்டால் அதை அவிழ்த்து, கீழே இறக்கி, மண்ணில் சுருட்டிப் புதைத்து, நுனியை மட்டும் மறுபடியும் மேலே ஏற்றிக் கட்ட வேண்டும். அதற்குக் கை பழகிய ஆள் வேண்டும். அந்த ஆட்கள் இப்போது கிடைப்பதில்லை என்றார்.

“தண்ணி தெனமும் காட்டணும், ஆனா வேருல நிக்கக் கூடாது. சம்பந்தி வீடு மாதிரித்தா. தெனமும் விசாரிக்கணும், அங்கேயே டேரா போட்டுறக் கூடாது” என்று சொல்லி என் மகனைப் பார்த்துச் சிரித்தார்.

அவர் கிள்ளுவதைக் கிட்டத்தில் நின்று பார்த்தேன். கட்டைவிரலில் ஒரு சின்ன இரும்பு நகம் மாட்டியிருந்தார். இடது கை இலையைத் தொடுவதாகவே தெரியாது, அடியில் தாங்குவது போல வரும். வலது கட்டைவிரல் காம்பில் பட்டதும் ‘டக்’ என்று ஒரு சத்தம், நூல் கத்தரிக்கிற சத்தம் மாதிரி. கொடி அசையக்கூட இல்லை. காம்பு எல்லா இலைக்கும் ஒரே நீளம். ஓவர்லாக் மிஷின் கூட அப்படி வெட்டாது. ஒரு இலையை என் கையில் கொடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நரம்பு மேடு தட்டாமல் இலைக்குள்ளேயே ஓடுகிறது. விரல் நுனியில் நல்ல மல் துணி. முகர்ந்தால் மிளகு வாசனை லேசாக வந்தது. மிளகும் வெற்றிலையும் ஒரே குடும்பத்துச் செடி என்று மகன் பின்னாலிருந்து சொன்னான். இவன் கணக்குப் பாடம் படித்தவன், இதெல்லாம் எங்கே படித்தான் என்று தெரியவில்லை.

ஏன் இந்த ஊர் இலை மட்டும் இப்படி என்று பெரியவரிடம் கேட்டேன். அவர் கையை மேற்கே காட்டினார். “எல்லாம் அந்தத் தண்ணிதேன்.” பெரியாறு மேற்கே போய் அரபிக் கடலில் விழுகிற ஆறு. அதை மலைமேல் அணைகட்டித் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைக்குத் திருப்பிவிட்டது பென்னிகுக் காலத்தில், 1895இல். அந்தத் தண்ணீரும் வைகைத் தண்ணீரும் சேர்ந்து வருவதை இந்த ஊருக்கு மேற்கே பேரணையில் மறித்துக் கால்வாயில் விடுகிறார்கள். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோக நிலம். வருஷத்துக்கு இரண்டு நெல். பெரியவர் அந்த நாற்பத்தைந்தாயிரத்து நாற்பத்தொன்றை ரேஷன் கார்டு நம்பர் மாதிரி தட்டாமல் சொன்னார். அவரைப் போன்றவர்கள் பேப்பர் பார்ப்பதே கால்வாய் மடை திறக்கிற தேதிக்காகத்தான். சுற்றிலும் நெல் வயல் இரண்டு போகமும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால் கிணறு வற்றாது, மண்ணில் ஈரம் குறையாது. அந்த ஈரத்தில் உட்கார்ந்துகொண்டு கொடி சொகுசாக இலை விடுகிறது. இதே விதைக்கொடியை வானம் பார்த்த பூமியில் கொண்டுபோய் வைத்தால் வளராதா என்று கேட்டேன். “வளரும். எலையா இருக்கும், வெத்தலையா இருக்காது.”

2023இல் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரை மல்லிக்குப் பத்து வருஷம் முன்னாலேயே, 2013இல் கிடைத்துவிட்டது. குறியீடு வந்ததும் விலை ஏறியதா என்று கேட்டதற்குப் பெரியவர் பதில் சொல்லாமல் பக்கத்துத் தோட்டத்தைக் காட்டினார். அங்கே தென்னை. அதற்கு அந்தப் பக்கம் வாழை. “அதெல்லாம் கொடிக்காலா இருந்த எடந்தேன்” என்றார். தென்னைக்குக் கை பழகிய ஆள் வேண்டாம், தினமும் காலையில் வந்து நிற்க வேண்டாம். பெரியவரின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். எங்கள் தொழிலுக்கு ஒரு ஆள் கூடியது என்று சந்தோஷப்பட முடியவில்லை.

கொடிக்காலில் சில்லறைக்குத் தர மாட்டார்கள், கட்டு கட்டாக வியாபாரிக்குப் போய்விடும். அதனால் கடைத்தெருவுக்கு வந்தோம். நான் வாங்கிய கடைக்குப் பெயர்ப்பலகையே கிடையாது. மூன்று அடி அகலம் இருந்தால் அதிகம். மரப்பெட்டி மேல் ஈரச்சாக்கு, சாக்கின் மேல் இலைக்கட்டு, வாழைச்சருகு ஒரு குவியல், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்தான் வியாபாரம். அவருடைய மாமனார் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து எண்ணிக்கொண்டே இருந்தார். நாங்கள் இருந்த அரை மணி நேரமும் தலையே நிமிரவில்லை. இரண்டிரண்டு இலையாக விரலில் தள்ளித் தள்ளி, உதடு மட்டும் அசைகிறது.

“நிச்சயத்துக்கா? அப்ப கிழிசல், பூச்சி வெட்டு ஒண்ணும் இருக்கக் கூடாதுல்ல. இருங்கக்கா” என்று சொல்லி, மேலே இருந்த கட்டைத் தள்ளிவிட்டு அடியில் இருந்ததை எடுத்தார். மதுரைக் கடையில் நல்லதை மேலே வைத்தார்கள், இங்கே நல்லது அடியில் இருந்தது. அதற்கே ஒரு ஸ்டார் கொடுத்துவிடலாம். கட்டை அவிழ்த்து விசிறி மாதிரி விரித்துக் காட்டினார். இலை அத்தனையும் ஒரே அளவு, அடி இலையும் நுனி இலையும் ஒரே பச்சை. அழுத்தமான பச்சை இல்லை, இளம் பச்சையில் லேசாக மஞ்சள் ஓடியது.

கவுளிக்கு நூறு இலை கணக்கு. அன்றைக்குக் கவுளி 120 ரூபாய். பனிக்காலம், கொடி மெதுவாகத்தான் தளிர்க்கும், போதாக்குறைக்குத் தை முகூர்த்தம், அதனால் விலை ஏற்றம். ஆறு கவுளி வாங்குகிறேன், 100 போடுங்கள் என்றேன். “ஆடி மாசம் வாங்கக்கா, 50க்கே தாரேன். ஆனா ஆடியில நிச்சயம் பண்ணுவீகளா?” என்று கேட்டார். இதற்கு மேல் என்ன பேரம் பேசுவது? 720 ரூபாயை ஜிபேயில் போட்டேன். க்யூஆர் அட்டையில் ஒரு மூலை முழுக்கச் சுண்ணாம்புக் கறை. மூன்று தடவை போனைத் தூக்கித் தூக்கிக் காட்டிய பிறகுதான் எடுத்தது. அதைத் துடைத்து வைக்கலாம்.

கட்டிய விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் வாழைச்சருகைத் தண்ணீரில் முக்கி உதறினார். ஒவ்வொரு கவுளியையும் காம்பு ஒரு பக்கமாக, நுனி ஒரு பக்கமாக அடுக்கி, சருகில் சுருட்டி, வாழைநாரால் ஒரு முடிச்சு. அந்த முடிச்சை நான் வீட்டில் அவிழ்க்கப் பட்ட பாடு தனி. ஆறையும் கூடையில் படுக்க வைத்து, மேலே நான் கொண்டுபோன ஈரச்சாக்கைப் போர்த்தினார். “வண்டியில முன்னாடி வைங்க, வெயில் படாம. வீட்டுக்குப் போனதும் பிரிச்சுக் காத்தாட விடுங்க. ஃபிரிட்ஜுல வைக்காதீக, கறுத்துப் போகும்.” கூடுதலாகக் கேட்காமலே ஒரு கைப்பிடி கொழுந்து வெற்றிலையை ஒரு சருகில் மடித்து, “இது பெரியம்மாவுக்கு” என்று கொடுத்தார். வீட்டில் வயதானவர் இருக்கிறார் என்று நான் சொல்லவே இல்லை. கூடையையும் சாக்கையும் பார்த்தே தெரிந்துகொண்டாராம்.

திரும்பும் வழியில் பசி. கோயில் பக்கம் ஒரு டீக்கடையில் உளுந்தவடை. சட்னி சுமார், வடை நன்றாக இருந்தது. அங்கே சுவரில் டி.ஆர். மகாலிங்கத்தின் பழைய போட்டோ ஒன்று, கண்ணாடிக்குள் பழுத்துப்போய்த் தொங்கியது. அவர் தென்கரைக்காரர். பெயருக்கு முன்னால் நிற்கிற ‘டி’யே அந்த ஊர்தான். 1978இல் இறந்தார். எங்கள் அத்தைக்கு ரேடியோவில் அவர் குரல் வந்தால் போதும், “எங்க ஊருக் குரலு” என்று உரலில் பாக்கு இடிப்பதை நிறுத்திவிடுவார். வேறு எதற்கும் அந்த உலக்கை நிற்காது. தமிழ் வாத்தியார்கள் வட்டாரத்தில் இந்த ஊர் அரசஞ்சண்முகனாரால் பெயர் பெற்றதாம். தொல்காப்பியத்துக்கு விருத்தி, அதாவது விரிவான உரை, எழுதியவர், 1915இல் இறந்தவர். மகன் சொன்னான். டீக்கடைச் சுவரில் அவர் இல்லை.

பதினொரு மணிக்குள் வீடு வந்துவிட்டோம். இனி அத்தையின் தீர்ப்பு.

கூடையைத் திண்ணையில் வைத்ததும் அத்தை சருகைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தார். ஈரம் இருக்கிறதா என்று. அப்புறம் கொழுந்து மடிப்பைப் பிரித்து ஒரு இலையை எடுத்தார். முந்தானையில் இரண்டு பக்கமும் துடைத்தார். நுனியைக் கிள்ளினார், காம்பைக் கிள்ளினார். முதுகு நரம்பை நகத்தால் நெம்பி ஒரே இழுப்பில் உரித்தார். உரிந்து வந்த நார் முடிபோல இருந்தது, அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். சுண்ணாம்பு டப்பாவிலிருந்து நடுவிரலில் கடுகளவு எடுத்து இலையின் முதுகில் தடவினார். பாக்கு ஒரு சிட்டிகை. புகையிலையை டாக்டர் மிரட்டி நிறுத்தி ஆறு வருஷமாகிறது. பாக்கும் கெடுதல்தான் என்று அதே டாக்டர் சொன்னது மட்டும் அத்தையின் காதில் விழவே இல்லை. மடித்து, உரலில் போட்டு, நாலு இடி. வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

நாங்கள் இரண்டு பேரும் பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்பது மாதிரி நின்றோம்.

“காரம் நாக்குல நிக்கல. தொண்டைக்குப் போயி திரும்பி வருது” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஆத்துல தண்ணி ஓடுதா?” என்று கேட்டார். ஒரு ஓரமாக ஓடுகிறது என்றேன். “அதேன்” என்றார்.

மகனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “அப்பத்தா, உங்க ஊரு பேருக்கு அர்த்தம் நீங்க சொன்னது இல்லையாம், சோழனுக்கு எமன்னு அர்த்தமாம்” என்றான். அத்தை சாற்றை ஒதுக்கிக்கொண்டு, “எவன் வந்தா என்ன, எவன் செத்தா என்ன? வெத்தல வாடாம வந்துச்சுல்ல” என்றார்.

வாடாமல் வந்தது மட்டுமில்லை, இருந்தது. வாங்கியது வியாழக்கிழமை, நிச்சயம் ஞாயிற்றுக்கிழமை. கடைக்காரப் பெண் சொன்னபடி பிரித்து ஆற வைத்து, ஈரத்துணியில் சுற்றி, அத்தையின் அறையில் இருந்த மண்பானையில் வைத்தோம். ஞாயிறு காலையில் எடுத்தபோது ஓர இலைகள் மட்டும் லேசாகத் துவண்டிருந்தன. மற்றதெல்லாம் அன்று கிள்ளியது போல இருந்தது. தட்டில் அடுக்கியபோது பெண் வீட்டுத் தாய்மாமா ஒரு இலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “சோழவந்தானா?” என்று கேட்டார். அந்த ஒரு வார்த்தைக்கு 720 ரூபாயும் பெட்ரோலும் தகும்.

ஆனால் ஒரு குறை. சனிக்கிழமை இரவே தாம்பூலப் பைக்கு ஜோடி ஜோடியாகப் பிரித்து வைக்க உட்கார்ந்தேன். ஐந்து கவுளி சரியாக நூறு நூறு. ஆறாவதில் எண்பத்தாறு. மறுபடி எண்ணினேன், எண்பத்தாறுதான். எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு நல்ல மாதிரி பேசி, கொழுந்து இனாமாகக் கொடுத்து, கடைசியில் எண்ணிக்கையில் கை வைத்துவிட்டார்களே என்று. போன் நம்பர் வாங்கி வைத்திருந்தேன், கூப்பிட்டேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. “எங்க மாமா எண்ணினா தப்பாதுக்கா. ஆனாலும் நீங்க சொல்றீக. அடுத்த தடவை வரும்போது சேத்து வாங்கிக்கங்க” என்றார். நானும் மனசுக்குள் ஐந்து ஸ்டாரில் ஒன்றைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

நிச்சயம் முடிந்து திங்கட்கிழமை அத்தையின் கட்டிலுக்கு அடியில் கூட்டினேன். உரலுக்குப் பின்னால், சுவர் ஓரமாக, காய்ந்துபோன காம்புகள். எண்ணினேன். தையல்காரிக்கு எண்ணாமல் இருக்க முடியாது. கொழுந்துக்குக் காம்பு மெல்லிசாக இருக்கும், அதைத் தனியே ஒதுக்கிவிட்டேன். தடித்த காம்பு மட்டும் பதினாலு.

அத்தை கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார், தூங்கவில்லை. “பானையை என் ரூம்புல வச்சது யாரு?” என்றார்.

கடைக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். பிடுங்கிய ஸ்டாரையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. கல்யாணம் வைகாசியில். முகூர்த்த விலை எவ்வளவு ஏறினாலும் பத்துக் கவுளி அங்கேதான். அந்தப் பெண் பின்னாலிருந்த மாமனாரிடம் விஷயத்தைச் சத்தமாகச் சொன்னது போனில் கேட்டது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது. எண்ணிக்கொண்டிருந்திருப்பார்.